முதிய பூனை உணவை முகர்ந்துவிட்டு விலகினால்: வாய்நோயை அறிகுறி வழியே கண்டு கவனிக்கும் முறை

எங்கள் வீட்டுச் செவலைக்குப் பதின்மூன்று வயதான ஆண்டில் அதன் போக்கு மாறியது. அடுக்களையில் சாளை மீன் ஆயும் சத்தம் கேட்டதும் முதல் ஆளாக வந்து நிற்கும் அது, வந்து நின்று, மீனை முகர்ந்து, இரண்டடி பின்வாங்கி, பட்டாசலில் போய்ப் படுத்துக்கொள்ளத் தொடங்கியது. பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "வயசாயிட்டுல்லா, அதான் திங்க மாட்டுக்கு" என்றார்கள். நானும் அதை நான்கு மாதங்கள் நம்பினேன். அதற்குள் அதன் எடை 4.1 கிலோவிலிருந்து 3.3 கிலோவுக்கு இறங்கிவிட்டது. பசியில்லாத பூனை உணவருகே வராது. வந்து நின்ற பிறகு உண்ணாமல் திரும்புகிற பூனைக்கு வாயில் வலி இருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். இந்த ஒன்றை அன்றே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் செவலை அந்த நான்கு மாத வேதனையைப் பட்டிருக்காது. ஆகவே, பாளையங்கோட்டையிலோ தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலோ முதிய பூனையோடு இருப்பவர்கள் எந்த அறிகுறியைக் கண்டால் என்ன செய்வது என்பதை, நான் பட்டும் கேட்டும் அறிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

வாயைப் பார்க்கும் முறை

காலை வெளிச்சத்தில், பூனையை மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, கன்னத்தின் பக்கமாக மேலுதட்டை மட்டும் கட்டைவிரலால் மெல்ல உயர்த்திப் பாருங்கள். வாயைத் திறக்க வேண்டியதில்லை. வலியுள்ள வாயை வலிந்து திறந்தால் அடுத்த முறை உங்கள் கையைக் கண்டாலே அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். வளர்ந்த பூனைக்கு முப்பது பற்கள்: முன்வாயில் சிறு வெட்டுப்பற்கள் பன்னிரண்டு, கோரைப்பற்கள் நான்கு, பின்னால் கடைவாய்ப் பற்கள் பதினான்கு. நலமான ஈறு வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் சிவப்புக் கோடு, பல்லின் மேல் மஞ்சள் பழுப்புக் காரை, ஈறு பல்லின் மேல் ஏறி வளர்ந்த ஒரு சிவப்புப் புள்ளி ஆகியவை தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். செவலை நிறப் பூனைகளுக்கு உதட்டிலும் ஈற்றிலும் கரும்புள்ளிகள் வருவது இயல்பு. தட்டையாக, வயதோடு மெல்லப் பெருகும் அந்தப் புள்ளிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

ஒரு நோட்டும் ஒரு மின்தராசும் வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், துணிப்பையிலோ கூடையிலோ வைத்து எடை பார்த்து எழுதுங்கள். நான்கு கிலோப் பூனை 200 கிராம் குறைவது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அறுபது கிலோ எடையுள்ள மனிதர் மூன்று கிலோ இழப்பதற்கு அது சமம்.

உணவருகே வருகிறது, முகர்கிறது, சீறிவிட்டு ஓடுகிறது

வாய்வலியின் மிகத் தெளிவான அடையாளம் இது. ஒரு வாய் எடுத்ததும் தலையை உதறும், முன்காலால் வாயோரத்தைத் துடைக்கும், சில நேரம் கத்திக்கொண்டு பின்னோக்கி ஓடும். கிண்ணமே தன்னைக் கடித்ததுபோல் கிண்ணத்தைப் பார்த்துச் சீறும் பூனைகளும் உண்டு. கொட்டாவி விடும்போது பாதியில் நின்று அலறுவதும் இதே இனம்தான்.

இங்கே நாம் செய்யும் பிழை, உணவை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது. சாளை வேண்டாமென்றால் நெத்திலி, அதுவும் வேண்டாமென்றால் கோழி என்று நானும் வைத்தேன். மெல்லாமல் விழுங்கக்கூடிய ஏதோ ஒன்றைப் பூனை ஓரளவு உண்டுவிடும். நாமும் "பிடிக்காததால்தான் உண்ணவில்லை" என்று முடிவுகட்டிவிடுவோம். இதற்கு ஒரு சோதனை உண்டு. பூனைக்கு மிகவும் பிடித்த உணவையே இரண்டு விதமாக வையுங்கள். ஒரு கிண்ணத்தில் வழக்கம்போல் துண்டுகளாக, இன்னொன்றில் முள் நீக்கி, வெந்த நீரோடு கூழாக மசித்து, கைச்சூட்டில். கூழை நக்கிவிட்டுத் துண்டுகளை விட்டால், அல்லது கூழையும் நாலு நக்கு நக்கிவிட்டு நிறுத்தினால், சந்தேகம் வாயின் மேல்தான். இரண்டின் பக்கமும் தலை வைக்காமல், சுவர்ப் பக்கம் திரும்பிக் குறுகி உட்கார்ந்திருந்தால், வாயோடு சிறுநீரகமோ கல்லீரலோ வேறு நோயோ சேர்ந்திருக்கலாம். அதற்கு வீட்டில் விடை கிடைக்காது. இரத்தப் பரிசோதனை வேண்டும்.

கூடவே உடம்பையும் பாருங்கள். வாய் வலிக்கும் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். செவலையின் முதுகு மயிர் பல வாரங்களாகத் திரித்திரியாக ஒட்டிக் கிடந்தது. முன்னங்கால்களின் உள்பக்கம் எச்சில் காய்ந்து பழுப்பேறியிருந்தது. அதையும் நான் வயது என்றே கொண்டேன்.

கடிக்கும்போது தாடை நடுநடுங்குகிறது

பூனைகளுக்கே மிகுதியாக வரும் பல் அரிப்பு நோய் ஒன்று உண்டு. பல்லின் வேரையும் கழுத்தையும் உடம்பே உள்ளிருந்து கரைத்துவிடும். வயது ஏற ஏற இது கூடும். கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் முதலில் நிற்கும் கடைவாய்ப் பல்லில் அடிக்கடி தொடங்கும். கரைந்த குழியை ஈறு வந்து மூடிக்கொள்வதால், மேலே காண்பது ஒரு சிவப்புப் பொட்டு மட்டுமே. அந்த இடத்தைத் தொட்டால் தாடை குளிரில் நடுங்குவதுபோல் அடித்துக்கொள்ளும். இதை அடைக்கவோ காப்பாற்றவோ வழியில்லை. பல்லை எடுப்பதே சிகிச்சை. எத்தனை பற்கள் அரிக்கப்பட்டுள்ளன என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும், வெளியே நலமாகத் தோன்றும் பல்லின் வேரும் கரைந்திருக்கலாம்.

எச்சில் வடிகிறது, வாய் நாறுகிறது

முதலில் ஓர் எச்சரிக்கை. வெளியே சுற்றும் பூனைக்குத் திடீரென்று எச்சில் ஒழுகி, குரல் மாறி, விழுங்க முடியாமல், காரணமின்றிப் பாய்ந்தாலோ ஒளிந்துகொண்டாலோ, அதன் வாய்க்குள் கை வைக்காதீர்கள். வெறிநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

வாரக்கணக்கில் மெல்ல வரும் எச்சிலுக்கு நாற்றம் ஒரு வழிகாட்டி. அழுகல் நாற்றமும் எச்சிலில் கீற்றாக இரத்தமும் இருந்தால் பல், ஈறு நோயோ வாயழற்சியோ இருக்கக்கூடும். மூத்திர நெடி போன்ற நாற்றத்தோடு நாக்கின் ஓரத்தில் புண் இருந்து, பூனை நிறையத் தண்ணீர் குடித்தால், சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு வாயில் புண் வரும், அதற்குப் பல் மட்டும் எடுத்துப் பயனில்லை. பழம் நொதித்ததுபோல் இனித்த வாடை வந்தால் நீரிழிவைச் சோதிக்க வேண்டும்.

வாய் நாற்றத்துக்கும் பல்வலிக்கும் நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது கிராம்பு எண்ணெய். பூனைக்கு அது நஞ்சு. அதன் கல்லீரலால் அந்தப் பொருளை முறித்து வெளியேற்ற இயலாது. மனிதருக்கான வாய்ப்புண் மரப்புக் களிம்பு, நீலகிரித் தைலம், கற்பூரம் எதுவும் கூடாது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்று போதும், ஒரு பூனையைக் கொல்ல. ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால், மணி எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் வீங்குகிறது

வாயழற்சி பெரும்பாலும் இரு பக்கமும் வரும். ஒரு பக்கத் தாடை மட்டும் தடித்தாலும், நாக்கின் அடியில் கட்டி தெரிந்தாலும், நோயில்லாத வாயில் ஒரு பல் மட்டும் ஆடி விழுந்து அந்தப் பள்ளம் ஆறாமல் இருந்தாலும், அந்தச் சதையில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முதிய பூனைகளின் வாயில் வரும் புற்றுகளில் ஒன்று இப்படித்தான் தொடங்கும். "ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்போம்" என்று வாரங்களைக் கழிப்பது இந்த ஓர் அறிகுறிக்குப் பொருந்தாது.

வாயின் பின்பகுதி இரு பக்கமும் சிவந்து, தொட்டால் இரத்தம் வருகிறது

செவலைக்கு இருந்தது இதுவே. கொட்டாவி விடும் நொடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, நாக்கின் வேருக்கு இரு புறமும், தாடைகள் சேரும் மூலையில், செம்பருத்திப் பூவின் நிறத்தில் சதை பொம்மிக்கொண்டு நின்றது. ஈறு நோய் பல்லின் ஓரத்தோடு நிற்கும். அழற்சி பல்லில்லாத அந்தப் பின்மூலை வரை போய்விட்டால் அதை நாள்பட்ட வாயழற்சி என்கிறார்கள்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் சிகிச்சையை ஏற்க மனம் வரும். பல்லின் மேல் நாள்தோறும் படியும் கிருமிப் படலத்தை எல்லாப் பூனைகளின் உடம்பும் ஓரளவுக்குத்தான் எதிர்க்கும். இந்த நோயுள்ள பூனையின் உடம்போ அளவுக்கு மீறிப் போர் தொடுத்து, தன் வாய்ச் சதையையே புண்ணாக்கிக்கொள்கிறது. கலிசி வைரஸ் என்னும் பூனைச் சளி வைரஸ் இத்தகைய வாய்களில் அடிக்கடி காணப்படுகிறது. பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் இந்நோய் கூடுதலாக வருகிறது. காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் சில வாரம் தேறும், படலம் மறுபடி படிந்ததும் திரும்பும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே உண்ணும். ஒரு மாதத்தில் பழையபடி ஆகும். ஊசியின் பலன் ஒவ்வொரு முறையும் குறுகிக்கொண்டே போகும், நெடுநாள் வேலை செய்யும் அந்த ஊசிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் நீரிழிவு வரவும் கூடும்.

ஆகவே, படலம் படிய இடமே இல்லாமல் செய்வதுதான் உலகெங்கும் இன்று முதலில் சொல்லப்படும் வழி: கடைவாய்ப் பற்கள் அனைத்தையும், தேவையானால் எல்லாப் பற்களையும், வேரோடு எடுத்துவிடுவது. கோரைப்பற்களைச் சுற்றி ஈறு நன்றாக இருந்தால் அவற்றை விட்டுவைப்பார்கள். இப்படி எடுத்த பூனைகளில் ஏறத்தாழப் பத்தில் ஏழு நன்றாகத் தேறுகின்றன, அவற்றில் ஒரு பகுதிக்கு அதன்பின் மருந்தே தேவைப்படுவதில்லை. எஞ்சியவற்றுக்கு மருந்து தொடர வேண்டியிருக்கும்.

"எல்லாப் பல்லையும் பிடுங்குவதா" என்று என் வீட்டார் கலங்கினார்கள். நானும் இரண்டு இரவு உறங்கவில்லை. பூனை உணவை மாவாக அரைத்து உண்ணும் விலங்கன்று. துண்டாக்கி விழுங்கும் விலங்கு. புண் ஆறியபின் பல்லில்லாமலே மசித்த உணவை நன்றாக உண்ணும், சில பூனைகள் உலர் உணவையும் அப்படியே விழுங்கும். பல்லோடு பட்டினி கிடப்பதைவிட அது மேலானது என்பதில் எனக்கு இப்போது ஐயமே இல்லை.

"இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா?"

அறிகுறிப் பட்டியலில் இது வராது; ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை நின்றுபோவது இங்கேதான். வயதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. இரத்த அணுக்கள், கிரியேட்டினின், யூரியா, சர்க்கரை, கல்லீரல் அளவுகள், தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்தபின், இந்தப் பூனைக்கு எவ்வளவு ஆபத்து என்று மருத்துவரிடம் கேளுங்கள். பூனைக்குரிய எதிர்ப்பாற்றல் குறை வைரஸ், இரத்தப் புற்று வைரஸ் ஆகிய இரண்டுக்குமான சோதனையையும் இதே இரத்தத்தில் செய்துவிடலாம். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால் முன்னும் பின்னும் டிரிப் ஏற்றி, மருந்தளவைக் குறைத்து அறுவை செய்பவர்கள் உண்டு.

எங்கே செய்வது என்பது அடுத்த கேள்வி. திருநெல்வேலியில் இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் மருத்துவர்களும் நகரில் பலர் இருக்கிறார்கள். சற்று எட்டிப் போனால் மதுரை. எந்த இடமானாலும், நாள் குறிக்கும் முன் இந்தக் கேள்விகளை மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். பல்லுக்கான எக்ஸ்ரே அறுவைக்கு முன்னும் பின்னும் எடுப்பீர்களா? மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்து மயக்கம் கொடுப்பீர்களா? தாடை நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி உண்டா? முழு நேரமும் ஒருவர் நாடியையும் மூச்சையும் உடல் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாரா? வாயைத் திறந்து வைக்க விசைக் கருவி பயன்படுத்துவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி நுணுக்கமானது. பூனையின் வாயை விசையால் நெடுநேரம் அகலத் திறந்து வைத்தால் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் இரத்த நாளம் அழுந்தி, பார்வை போய்விடக் கூடும்.

எக்ஸ்ரேயைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செவலைக்கு முதல் அறுவை நடந்த இடத்தில் எக்ஸ்ரே வசதி இல்லை. "எல்லாம் வந்துவிட்டது" என்றார்கள். கீழ்த்தாடையில் இரண்டு வேர்த் துண்டுகள் தங்கிவிட்டன. இரண்டாம் முறை மயக்கம் கொடுத்து அவற்றை எடுக்கும்படி ஆயிற்று. 160 கிலோமீட்டர் பயணம் கூடுதல் என்று எண்ணி முதலில் நான் தவிர்த்தேன், அந்த வலியைச் செவலை சுமந்தது.

முன்பு என்ன ஊசி, எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற சீட்டுகளை எல்லாம் எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது மெலாக்சிகாம் போன்ற வலிமருந்து சேர்ந்தால் குடலில் புண் உண்டாகும். உணவை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். தண்ணீரை இரவெல்லாம் எடுத்து வைக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குள் புறப்பட்டுவிடுவது நல்லது.

அறுவை முடிந்த இரவு: தள்ளாடுகிறது, எச்சிலில் இரத்தம்

இளஞ்சிவப்பு எச்சில் ஓரிரு நாள் வரலாம். துணியை நனைக்கும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகப் புது இரத்தம் வந்தால் உடனே தொலைபேசியில் கூப்பிடுங்கள். தள்ளாட்டமும் விரிந்த கண்மணியும் மறுநாள் காலைக்குள் சரியாகிவிட வேண்டும்.

நம் ஊர் வெக்கையில் பூனைக்குக் குளிரும் என்று யாருக்கும் தோன்றாது. மயக்கத்திலிருந்து வந்த முதிய பூனை உடல் வெப்பத்தை இழந்திருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே கிடத்தாமல், காற்றுப் படாத அறையில், தரையில், பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து அதன் மேல் விடுங்கள். கட்டில், மேசை எதன் மேலும் ஏற விடாதீர்கள். மணல் தட்டை அருகில் வையுங்கள். மணலுக்குப் பதிலாக இரண்டு நாள் கிழித்த செய்தித்தாள் போட்டால் வாயில் தூசி ஒட்டாது. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தாலும், வாயைத் திறந்து மூச்சு விட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் நாளும் உண்ணவில்லை

பூனை பட்டினி கிடக்கக் கூடாத விலங்கு. இரண்டு மூன்று நாள் உணவில்லாவிட்டால், அதிலும் பருத்த பூனையானால், உடம்பின் கொழுப்பு கல்லீரலில் வந்து சேர்ந்து கல்லீரல் செயலிழக்கக் கூடும். காதின் உள்பக்கமும் கண்ணின் வெண்மையும் மஞ்சளிக்கும். அறுவைக்கு முன்பே சரியாக உண்ணாத பூனைக்கு இந்தக் கணக்கு இன்னும் குறுகியது.

உண்ணாததற்கு முதல் காரணம் வலி. வலிமருந்தின் வேளை தவறியிருக்கிறதா என்று பாருங்கள். தவறாமல் கொடுத்தும் குறுகி உட்கார்ந்திருந்தால் மருந்து போதவில்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை நீங்களே கூட்டாதீர்கள். அடுத்த காரணம் மணம். பூனை மூக்கால் உண்ணும் பிராணி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் அதற்கு அது உணவாகவே தெரியாது. கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்தி, உணவு உள்ளங்கைச் சூட்டுக்கு வந்ததும் வையுங்கள்.

செவலை முதலில் நக்கியது, உப்பில்லாமல் வேகவைத்த சாளையின் நீரை. மறுநாள் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் நசுக்கி நசுக்கி, ஒரு நூலளவு முள்ளும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அந்த நீரிலேயே கூழாகக் கரைத்தேன். தட்டையான பீங்கான் தட்டில் பரப்பியதும் நாக்கின் நுனியால் தொட்டது, நிறுத்தியது, மறுபடி தொட்டது. மூன்று கரண்டி உண்ண இருபது நிமிடம் ஆயிற்று. மீனும் கோழியும் சில நாளைக்குச் சரி. தொடர்ந்து அவை மட்டுமே என்றால் சத்துக் குறையும். பூனைக்கென்று விற்கும் ஈர உணவை வெந்நீர் விட்டு மசித்து, அதன் மேல் மீன் நீரைத் தெளித்துப் பழக்குங்கள். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுக்க வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை உடைப்பவை, கழுவினாலும் சாறு சதையில் ஊறியிருக்கும்.

வாயில் பீய்ச்சி வலிந்து ஊட்டுவதை நான் விரும்பவில்லை. தையல் பிரியலாம், நுரையீரலுக்குள் போகலாம், உணவின் மேலேயே வெறுப்பு உண்டாகலாம். எடை மிகவும் குறைந்த பூனைக்கு அறுவையின் போதே கழுத்தின் பக்கமாக உணவுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாய் வைத்துவிட முடியும். பார்க்க அச்சமாக இருந்தாலும் அதன் வழியே உணவும் மருந்தும் நீரும் வலியில்லாமல் போகும், பூனை தானாக உண்ணத் தொடங்கியதும் எடுத்துவிடலாம். இதை முன்னரே கேட்டு வையுங்கள்.

மருந்தை நுரைத்து உமிழ்கிறது

கசப்பு நாக்கில் பட்டால் பூனை வாய் நிறைய நுரை தள்ளும், அது ஒவ்வாமையன்று. நீர்மருந்தாகத் தர முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய துண்டில் நான்கு கால்களும் உள்ளே இருக்கும்படி சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, ஊசியில்லாத ஸிரிஞ்சைக் கோரைப்பல் இருந்த இடத்துக்குப் பின்னால் கன்னத்தின் பக்கமாக நுழைத்து, சிறிது சிறிதாக விடுங்கள். தலையை அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டாம், புரையேறும். மாத்திரையே கொடுக்க வேண்டியிருந்தால், பிறகு ஐந்து மில்லி தண்ணீராவது விழுங்க வையுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிக் குழாயைச் சுருக்கிவிடும்.

மருந்து கொடுத்த கையாலேயே உணவு வைக்காமல், வீட்டில் இன்னொருவரை வைக்கச் சொல்வது எங்களுக்கு உதவியது. மருந்து என் வேலை, மீன் என் மைனியின் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

மாதங்கள் கழிந்தும் சிவப்பு ஆறவில்லை

தையல் நூல் தானாகக் கரைய சில வாரம் ஆகும். மென்மையான உணவு இரண்டு வாரம் கட்டாயம். ஈறு அதற்குள் மூடிவிடும். ஆனால் பின்மூலையின் அழற்சி அடங்கப் பல வாரங்கள், சிலவற்றுக்குப் பல மாதங்கள் ஆகும். ஆகவே மூன்றாம் வாரத்தில் சிவப்பைக் கண்டு மனம் ஒடிந்துவிட வேண்டாம். போக்கைப் பாருங்கள்: எடை ஏறுகிறதா, தன்னை நக்கிக்கொள்கிறதா, கொட்டாவி முழுதாக விடுகிறதா. மூன்றும் ஆம் என்றால் சிவப்பு மெல்லக் குறையும்.

எடை நின்றுவிட்டாலோ இறங்கினாலோ, முதலில் தங்கிய வேர் இருக்கிறதா என்று எக்ஸ்ரே. செவலைக்கு விடை அங்கேதான் கிடைத்தது. ஈறு மேலே அழகாக மூடியிருந்தது. உள்ளே கீழ்த்தாடை எலும்பில் வேர் நின்றது. வேர் இல்லையென்றால் விட்டுவைத்த கோரைப்பற்களைச் சுற்றி அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் உடம்பின் மிகையான எதிர்ப்பை அடக்கும் மருந்துகள்: பிரெட்னிசொலோன், சைக்ளோஸ்போரின் முதலியவை. சைக்ளோஸ்போரின் எடுக்கும் பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்கக் கூடாது, எலி பிடிக்கவும் விடக் கூடாது. பிரெட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகவே குறைக்க வேண்டும். இதனால் இரண்டு வாரத்துக்கு வேண்டிய மருந்து வீட்டில் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மாநகரமே வெள்ளத்தில் நின்றபோது, நான்கு நாள் எங்களால் மருந்துக் கடைக்குப் போக முடியவில்லை. அதன் பிறகு ஐப்பசி பிறக்கும் முன்பே மருந்தும் பூனை உணவும் வாங்கி மேல் அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

உதடு மடிந்து குத்துகிறது, நாக்கு வெளியே நீள்கிறது

மேல் கோரைப்பல்லை எடுத்தால் மேலுதடு உள்ளே மடிந்து, கீழ்ப்பல் அதில் குத்திப் புண்ணாகலாம். சில வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும், புண் நீடித்தால் காட்டுங்கள். நாக்கு நுனி வெளியே தெரிவதால் தீங்கில்லை.

வீட்டில் வேறு பூனைகளும் இருக்கின்றன

உணவுத் தட்டு, தண்ணீர்க் கும்பா, மணல் தட்டு ஆகியவற்றைத் தேறிவரும் பூனைக்குத் தனியாக ஒதுக்குங்கள். பல்லில்லாத முதிய பூனையை இளசுகள் கிண்ணத்தைவிட்டு விரட்டும், அது ஏன் மெலிகிறது என்று நமக்குத் தெரியாமலே போகும். கதவைச் சாத்தி, தனியாக உண்ண விட்டு, மிச்சத்தை அளந்து எழுதுங்கள். கலிசி வைரஸ் தட்டுகளிலும் துணிகளிலும் பல நாள் தங்கக் கூடியது. சோப்பில் கழுவியபின் நீர்த்த பிளீச்சில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காய வையுங்கள். தரை துடைக்கப் பினாயில் வேண்டாம். ஈரத்தில் நடந்துவிட்டுப் பூனை பாதத்தை நக்கும். வாய்ப்புண் ஆறி, மறுபடி தன்னை நக்கத் தொடங்கியிருக்கும் பூனை இன்னும் கூடுதலாகவே நக்கும்.